காயாத கறுப்பு

ஜூன் 9, ஞாயிறு

முதுகுவலி பரவாயில்லை. பரணைக் காலி செய்ய வேண்டும் என்று வசந்தாமணி மறுபடி ஆரம்பித்தாள். ஆவணியில் பார்க்கலாம் என்றேன். எந்த வருடத்து ஆவணி என்று கேட்டாள்.

பத்து மணிக்கு ஒருவன் வந்தான். பெயர் அங்கமுத்து, ஊர் சங்ககிரி, வயது ஐம்பத்து நான்கு. முப்பது வருடம் லாரிக்குப் பெயிண்ட் அடித்தவன். ஸ்ப்ரே புகை நெஞ்சில் ஏறிவிட்டதாம், இனி பட்டறைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். செருப்பை வாசலில் ஓரமாக விட்டுவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான்.

"ஆயில் பெயிண்டிங் கத்துக்கோணுமுங்க சார்."

"கத்துக்கலாம். மொதல்ல ஆறு மாசம் பென்சில்."

"அதெல்லாம் வேண்டாமுங்க. வாசகசாலையில ஒரு படம் இருக்குதுங்களே, மாரப்பன் அய்யா எழுதுனது. அது ஒண்ணு மட்டும் அப்படியே எழுதிப் பழகோணும். அது போதுமுங்க."

முப்பத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு பத்து வருடமாக மாடியில் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளையார் எழுத வேண்டும், பேத்தி முகம் எழுத வேண்டும் என்று வந்தவர்கள் உண்டு. ஒரே ஒரு படத்தைக் குறிவைத்து வந்தவன் இவன்தான். அதுவும் அந்தப் படத்தை.

சரி என்று சொல்லிவிட்டேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான்.

ஜூன் 16, ஞாயிறு

கான்வாஸ் கட்டுவதைக் காட்டினேன். ஒரு தடவைதான் காட்டினேன், தப்பில்லாமல் கட்டினான். பிறகு இருவரும் ஜனோபகார வாசகசாலைக்குப் போனோம்.

'கோடை மழைக்கு முன்'. நாலடிக்கு மூன்றடி. எங்கள் ஊர் ஓவியர் மாரப்பன் அண்ணன் 1974இல் எழுதி வாசகசாலைக்குக் கொடுத்தது. காலிங்கராயன் வாய்க்கால், அக்கரையில் பனைகள், மேலே ஆரஞ்சும் நீலமும் சண்டை போடும் வானம். தூரிகையே தொடாமல் கத்தியால் அப்பியது. பனை என்று சொன்னால்தான் பனை, இல்லாவிட்டால் நாலு கீறல். ஆனால் ஐந்து நிமிடம் பார்த்தால் காற்றடிப்பது தெரியும். எங்கள் ஊரில் இதற்கு ஈடாக இன்னொன்று கிடையாது. 1996இல் அழுக்கேறிக் கிடந்த இதைச் சுத்தம் செய்து காப்பாற்றியவன் நான். பக்கத்துச் சுவரில் கல்லில் என் பெயர் இருக்கிறது: ஓவிய ஆசிரியர் தெய்வசிகாமணி.

அங்கமுத்து வானத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, இடது கீழ்மூலையில் அடித்தான். அங்கே கரையோரம் ஒரே இருட்டு, புதர்.

"இந்த மூலை மட்டும் ஏனுங்க சார் இத்தனை இருட்டு?"

வருடா வருடம் மாரப்பன் நினைவு நாளில் சொல்வதையே சொன்னேன். மேலே ஆர்ப்பாட்டம், கீழே துக்கம். அந்த இருட்டுத்தான் படத்தின் உயிர். வாசகசாலை நினைவு மலரில் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன்.

"துக்கமுங்களா" என்றான். விரல் படத்துக்குப் பக்கத்தில் போனது. தொடாதே என்றேன்.

படத்தைத் தொடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. சுத்தம் செய்து மாட்டிய வாரத்திலேயே ஒரு அம்மாள், கூட நாலு பேரை இழுத்துக்கொண்டு வந்து, இதே மூலையை விரலால் தேய்த்தாள். போட்ட அதட்டில் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். இந்த ஊரில் கலைக்கு மரியாதை அவ்வளவுதான்.

ஜூன் 23, ஞாயிறு

முதல் அடுக்கு. நினைவு மலரில் வந்த அச்சுப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறான். அவன் பேலட் கத்தியைப் பிடிக்கும் விதம் லாரித் தகட்டின் பள்ளத்தை அடைக்க மக்கு பூசுகிறவன் பிடி. சிரிக்கலாம் என்று பார்த்தால், வானம் வந்துவிட்டது. நான் முதலில் அந்த வானத்தை எழுதியபோது பதினேழு தரம் சுரண்டினேன்.

(மேலே உள்ள வரியை அடிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், யார் படிக்கப்போகிறார்கள்.)

வசந்தாமணி எனக்கு டம்ளரிலும் அவனுக்குக் காகிதக் கப்பிலும் டீ கொண்டுவந்தாள். அவன் அம்மா வாய்க்காலில் ஊர்த் துணி வெளுத்தவள் என்று போன வாரம் அவளிடம் சொல்லியிருக்கிறான். அவன் கப்பை மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டான். நான் என் டம்ளரைக் காலி செய்தேன்.

ஆயிலில் அவசரம் கூடாது என்று பாடம் எடுத்தேன். கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவு, மேல் அடுக்கில் அதிகம். கீழே காயாமல் மேலே போட்டால் வெடிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நேரம் உண்டு. மண் நிறங்கள் சீக்கிரம் காயும், கறுப்புதான் மோசம், தடிமனாகப் போட்டால் மாசக்கணக்கில் விரலில் ஒட்டும்.

கத்தி நின்றது. அவன் தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"சார், இருவத்திரண்டு வருசத்துக்கு முந்தி எழுதுன படம் வெரல்ல ஒட்டுமுங்களா?"

"அதெப்படி ஒட்டும்? கல்லு மாதிரி ஆயிருக்கும். ஏன் கேக்கற?"

"சும்மா கேட்டனுங்க."

1974லிருந்து 1996 வரை இருபத்திரண்டு வருடம். சும்மா கேட்கிறவன் இருபது என்று கேட்பான், இருபத்தைந்து என்று கேட்பான்.

ஜூன் 24, திங்கள்

காபி கசந்தது. வசந்தாமணி எப்போதும் போடும் அதே காபிதான் என்கிறாள்.

ஜூன் 27, வியாழன்

வக்கீல் நாச்சிமுத்து வந்தார். வாசகசாலைச் செயலாளர். செப்டம்பர் 15 வாசகசாலையின் நூற்றாண்டு விழா, மேடையில் எனக்குச் சால்வை. நல்லது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மெட்ராஸிலிருந்து ஒரு நிபுணர் வர்றாருங்க. பழைய படமெல்லாம் சரி பண்றவரு. மாரப்பன் படத்தைக் கழட்டிக் காட்டி, ஒரு கோட் வார்னிஷ் அடிச்சுப் போடலாமுன்னு பார்க்கறோம்."

அதெல்லாம் அவசியமில்லை, நான் இருக்கும்போது எதற்கு நிபுணர் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, "உங்க மாணவராமே, அங்கமுத்துன்னு? நேத்து வந்து, படத்தோட பின்பக்கத்தைப் பார்க்கலாமான்னு கேட்டாரு. நல்ல ஆர்வம்" என்றார்.

ஆர்வமாம். எந்த மாணவன் படத்தின் பின்பக்கத்தைப் பார்த்து வானம் எழுதக் கற்றுக்கொண்டான்? இவனை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். நாச்சிமுத்தாகவே இருக்கலாம். கோர்ட்டில் சாட்சியை நோட்டம் விட்டுப் பழகிய கண் அவருக்கு.

ஜூலை 2, செவ்வாய்

கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுச் சங்ககிரிக்குப் பஸ் ஏறினேன். லாரிப் பட்டறைகள் வரிசையில் விசாரித்தேன். அங்கமுத்து என்றதும் நாலு பேர் கை காட்டினார்கள். ஆள் நிஜம்தான், பெயிண்டர்தான். அது ஒரு ஏமாற்றமாக இருந்தது.

ஒரு பட்டறையில் அவன் கைவேலை உள்ள லாரி நின்றது. பின்கதவில் மலை, சூரியன், ஆறு, ஒரு குடிசை. எல்லா லாரியிலும் உள்ளதுதான். ஆனால் இடது கீழ்மூலையில், ஆற்றங்கரையில், குனிந்து துணி துவைக்கும் ஒரு பெண். கட்டைவிரல் நகம் அளவு. சிவப்புச் சேலை. அடுத்த பட்டறையில் இன்னொரு லாரி. அதில் காடு, யானை. இடது கீழ்மூலையில் அதே சிவப்புச் சேலை. மூன்றாவதில் நடுக்கடலில் கப்பல். அதிலும் மூலையில் கொஞ்சம் கரை வைத்து அவளை உட்கார்த்தியிருந்தான்.

"அது அவரு முத்திரைங்க. அந்தப் பொம்பள இல்லாம அங்கமுத்து வண்டி வெளிய போவாது" என்றார் பட்டறைக்காரர்.

ஏதோ கும்பலின் அடையாளம் போலிருக்கிறது. முத்திரை வைக்கிறவன் மற்றவர்கள் முத்திரையையும் தேடுவான்.

கண் எப்படி இருக்கிறது என்று வசந்தாமணி கேட்டாள். நன்றாகத் தெரிகிறது என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

வானம் முடிந்தது, பனைகள் முடிந்தன, வாய்க்கால் தண்ணீர் தகரம்போல் மின்னுகிறது. மூலைக்கு வந்தான். வந்தவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"சார், ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"வானத்தை எழுதறப்ப கை தானாப் போவுதுங்க. அவரு இப்பிடி இழுத்திருப்பாரு, இங்க திருப்பியிருப்பாருன்னு தெரியுது. இந்த மூலையில வழியே இல்லீங்க. கத்தி எந்தப் பக்கம் போச்சுன்னே புரியல. வேற யாரோ உக்காந்து, பார்த்துப் பார்த்து நெரப்புன மாதிரி இருக்குதுங்க."

அச்சுப் படத்தைப் பார்த்து எழுதுவதால் அப்படித் தெரியும் என்றேன். நேரில் பார்த்தாலும் அப்படித்தான் இருக்குது என்றான். தலைவலி என்று சொல்லி அரை மணி முன்னால் அனுப்பிவிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

இந்த நோட்டில் 1996 பற்றி எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். இனி வைத்து என்ன பயன். நிபுணர் வந்து ஆணியைக் கழற்றினால் கான்வாஸே சொல்லிவிடும்.

மாரப்பன் அண்ணன் 1985இல் இறந்த பிறகு, அவர் நினைவாகப் படத்தின் கீழே இடது பக்கம் ஒரு பித்தளை விளக்கை வைத்தார்கள். நல்லெண்ணெய் ஊற்றித் தினமும் ஏற்றினார்கள். பதினோரு வருடத்துப் புகை. அதோடு படிக்க வருகிறவர்களின் பீடி. என்னிடம் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொன்னபோது படமே பழுப்பாக இருந்தது. வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

பழைய ஆயில் படத்தைச் சுத்தம் செய்ய எச்சிலைப் போல ஒன்று கிடையாது. பஞ்சை நாக்கில் நனைத்து, விரல் அளவு விரல் அளவாகத் துடைக்க வேண்டும். புத்தகத்திலேயே இருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் மாரப்பன் அண்ணன் படத்தில் எச்சிலா? விளக்கேற்றிக் கும்பிட்ட படத்தில்? எனக்கு மனம் ஒப்பவில்லை. கடையில் தின்னர் வாங்கிவந்து, பஞ்சில் தொட்டு, வானத்தின் வலது பக்கம் துடைத்தேன். அழுக்கு வந்தது. கூடவே நீலமும் வந்தது. அண்ணன் நிறத்தோடு வார்னிஷைக் கலந்து எழுதுகிறவர், அது தின்னருக்கு நிற்காது என்று எனக்கு அப்போது தெரியாது. பதறிப்போய் இன்னும் துடைத்தேன். நிறுத்துவதற்குள் பாதி வானமும் நாலு பனையும் பஞ்சுக்குப் போய்விட்டன.

யாரிடமும் சொல்லவில்லை. மாடியைப் பூட்டிக்கொண்டு நாற்பது நாளில் புதிதாக ஒன்று எழுதி, பழைய வெளிச்சட்டத்தில் பொருத்தி மாட்டினேன். இருபத்தெட்டு வருடமாக ஊர் பார்ப்பது அதைத்தான். கல்லில் பெயர் வாங்கியதும் அதற்குத்தான். அண்ணனுடைய படம் சாக்கில் சுற்றிப் பரணில் கிடக்கிறது.

எழுதிவிட்டேன். மனம் லேசாகும் என்பார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

கேட்டுவிட்டேன். கான்வாஸை நிறுத்துவதற்கு முன்னாலேயே கேட்டேன்.

"அங்கமுத்து, உன்னை அனுப்புனது யாரு? நாச்சிமுத்தா?"

அவன் விழித்தான். "அனுப்பறதுங்களா? எங்கம்மாதானுங்க" என்றான். சொன்னபிறகு முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எங்கம்மா அந்தப் படத்துல இருக்குதுங்க. மாரப்பன் அய்யா வாய்க்கால் கரையில எழுதிட்டு இருந்தப்ப, அம்மா இக்கட்டால கரையில தொவச்சுட்டு இருந்துச்சாமா. 'குனிஞ்ச மேனிக்கே இரு தாயி, உன்னையும் வெக்கறேன்'னாராமா. எனக்கு எட்டு வயசுல வாசகசாலைக்குக் கூட்டிட்டுப் போயி, தூக்கிக் காமிச்சுதுங்க. 'பாரு, அது நாந்தே'ன்னுச்சு. இத்துனூண்டு. செவப்புச் சேலை. அம்மா பச்சைன்னே சொல்லிட்டுக் கெடக்கும், அதுக்கு மறதி. நாம் பார்த்தது செவப்பு."

"வேற போட்டோ எதுவும்..."

"ஏதுங்க? ரேஷன் கார்டுல கூட அப்பா மூஞ்சிதான். எங்கம்மா செத்து இருவது வருசம் ஆச்சு, அது மூஞ்சி மறந்து போச்சுங்க எனக்கு. குனிஞ்ச முதுகுதான் நெனப்புல இருக்குது. இப்ப போய்ப் பார்த்தா அந்த முதுகும் இல்ல. அதான், நாமளே ஒருக்கா முழுசா எழுதிப் பார்த்தா எந்த இழுப்புக்குள்ள இருக்குதுன்னு தெரிஞ்சிருமுன்னு நெனச்சனுங்க."

ஒரு வேளை வேறு படமாக இருக்கும் என்றேன். சின்ன வயது ஞாபகம் நம்ப முடியாது என்றேன். வாய் என்னென்னமோ சொன்னது. அவன் எல்லாவற்றுக்கும் இருக்குமுங்க, இருக்குமுங்க என்று தலையாட்டினான்.

லாரிகள். யானை நின்ற காட்டிலும் கப்பல் ஓடிய கடலிலும் குனிந்திருந்தவள்.

ஜூலை 15, திங்கள்

கதை கட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இடம் எப்படித் தெரியும்? சரியாக விளக்குக்கு மேலே உள்ள இடம்.

நான் அந்த மூலையைத் துடைக்கவே இல்லை. வானத்தோடு பயந்து நிறுத்திவிட்டேன். பிறகு உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எழுதினேன், இருந்தது இருந்தபடி. அங்கே கறுப்பாக இருந்தது, கறுப்பாக எழுதினேன்.

பதினோரு வருட விளக்குக் கரியைப் பார்த்து எழுதிவிட்டு, அதற்குத் துக்கம் என்று பெயர் வைத்துக் கட்டுரையும் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

உடம்பு சரியில்லை என்று அவனுக்குப் போன் செய்தேன். பரணைப் பார்க்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

இன்றும்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. வசந்தாமணி பக்கத்து வீட்டுக்காரர்களோடு ஆற்றுக்குப் போய்விட்டாள். ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். இறங்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. பதினைந்து நிமிடம் படத்தைக் கட்டிப் பிடித்தபடி ஸ்டூலிலேயே நின்றேன். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

சாக்கைப் பிரித்தேன். வலது பக்கம் நான் செய்த நாசம் அப்படியே இருக்கிறது, நீலம் போய் நூல் தெரிகிறது. இடது பக்க வானம் பார்த்தேன். அண்ணனுடைய கை. நான் எழுதியது இதுபோல் இல்லவே இல்லை. எப்படி இருபத்தெட்டு வருடம் ஒருவருக்கும் தெரியாமல் போனது? தெரிந்துகொள்ள வந்தவர்களை நான் அதட்டி அனுப்பியிருக்கிறேன்.

மூலை கறுப்பாகவே இருந்தது. பஞ்சை எடுத்தேன். நாக்குவரை கொண்டுபோனேன். வைத்துவிட்டேன். இதை நான் தனியாகத் திறப்பது நியாயமில்லை.

அங்கமுத்துவுக்குப் போன் செய்து நாளை வரச் சொன்னேன். கான்வாஸ் கொண்டுவரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஒன்பதரைக்கு அங்கமுத்து வந்தார். படத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டார். நான் முன்பே தயார் செய்துவைத்த வார்த்தைகள் இருந்தன, சொல்ல ஆரம்பித்தேன். தின்னர், வானம், நாற்பது நாள். அவர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியுமுங்க."

"எப்படி? எப்ப?"

"நீங்க கறுப்பு காயாதுன்னு பாடம் எடுத்தீங்களே, அன்னைக்குங்க." அவர் என்னைப் பார்க்கவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். "தொண்ணூத்தாறுல, படத்தைச் சுத்தம் பண்ணியாச்சுன்னு வாசகசாலையில நோட்டீஸ் ஒட்டுனாங்க. எனக்கு அப்பத்தான் கண்ணாலம் ஆயிருந்துச்சு. 'புகையில மறைஞ்சிருந்தேன், இப்ப தெரிவேன்'னு அம்மா எங்களையெல்லாம் கூட்டிட்டுப் போச்சு. புதுமருமகளுக்குக் காட்டோணுமுன்னு ஆசை. போய்ப் பார்த்தா இல்ல. இங்கதான், இங்கதான்னு வெரலால தேச்சுது. அங்கிருந்த ஒரு ஆளு சத்தம் போட்டுட்டாரு. எம்பொண்டாட்டி சிரிச்சுட்டா. சின்னப் புள்ளைங்க, தெரியாமச் சிரிச்சுட்டா."

நான் சாக்கை எடுத்து மடித்தேன், மறுபடி பிரித்தேன்.

"வூட்டுக்கு வந்து பார்த்தா அம்மா வெரல்ல கறுப்பு. சோப்புக்குப் போவல. ஊர் அழுக்கையெல்லாம் வெளுத்த கை, அதுக்கே போவலீங்க. மண்ணெண்ணெய் போட்டுத்தான் போச்சு. கரின்னு நெனச்சோம். கரி சோப்புக்குப் போயிருமுன்னு அன்னைக்கு யாருக்கும் தோணல. அதுக்கப்பறம் அம்மா அந்தப் படத்தைப் பத்திப் பேசவே இல்லீங்க. கண்ணு மங்கிப்போச்சு, புத்தி தடுமாறுதுன்னு நாங்கதான் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம்."

"அந்த ஆளு நான்தான், அங்கமுத்து."

"கல்லுல பேரு இருக்குதுங்களே" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஜூன் மாதமே தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா இல்லைன்னுருப்பீங்க. பழசு இருக்குதா, எரிச்சுப் போட்டீங்களான்னு தெரியாம நான் சண்டை போட்டு என்னங்க ஆகுது?" என்றார். இத்தனை வாரம் நான் அவரை வேவு பார்த்தேன், அவர் என்னைக் காத்திருந்து பார்த்தார்.

எச்சில் முறையைச் சொன்னேன். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். "என்னுதுங்களா?" என்றார். "உங்களுதும் என்னுதும்" என்றேன்.

தரையில் உட்கார்ந்தோம். பஞ்சை நாக்கில் நனைப்பது, நகத்தின் அளவுக்குத் துடைப்பது, கறுத்த பஞ்சைப் போடுவது, அடுத்தது எடுப்பது. வாய் காய்ந்துவிடுகிறது. வசந்தாமணி எட்டிப் பார்த்தாள். சாக்கையும் படத்தையும் எங்கள் இருவரையும் பார்த்தாள். "அந்த நாப்பது நாளும் மாடியில பூட்டிக்கிட்டு என்ன பண்ணுனீங்கன்னு நான் ஒருக்காலாச்சும் கேட்டனா?" என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சொம்பு தண்ணீரும் இரண்டு டம்ளர் டீயும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டும் எவர்சில்வர்.

பதினொன்றரைக்கு முதலில் கல் தெரிந்தது, வெள்ளையாக ஒரே இழுப்பு. பிறகு தண்ணீரில் அதன் நிழல். அங்கே துக்கமும் இல்லை, புதரும் இல்லை, நல்ல வெயில். அவர் வாய் காய்ந்தபோது நான் வாங்கித் துடைத்தேன். என் வாய் காய்ந்தபோது அவர் வாங்கிக்கொண்டார்.

கடைசியில் வந்தாள். கத்தியின் நுனியால் மூன்று இழுப்பு. ஒன்று முதுகு, ஒன்று தொங்கும் கை, ஒன்று இடுப்பில் சொருகிய சேலை. முகம் இல்லை, குனிந்திருக்கிறாள். ஆனால் எழுந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுவாள் என்று தெரிகிறது.

சேலை பச்சை. இளம் பச்சை, நாற்று நிறம்.

அங்கமுத்து பஞ்சைக் கீழே வைத்தார். நெஞ்சில் இழுப்பு கேட்டது, மாத்திரை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"பச்சைன்னுதானுங்க சொல்லுச்சு" என்றார். "எல்லாமே சரியாத்தான் சொல்லியிருக்குது. நாங்கதான் நம்பல."

ஆகஸ்ட் 5, திங்கள்

நாச்சிமுத்துவுக்குக் கடிதம். முதல் பிரதியில் என்னைப் பற்றி நாலு பக்கம் வந்துவிட்டது. கிழித்துவிட்டு, நடந்ததை மட்டும் அரைப் பக்கத்தில் எழுதி நானே போய்க் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "வார்னிஷ் வேண்டாம்னு நீங்க சொன்னப்பவே ஏதோ இருக்குன்னு நெனச்சேன்" என்றார். நான் அவர் கண்ணைப் பற்றி நினைத்தது சரிதான்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. முடி வெட்டப் போன இடத்தில் பேச்சு நின்றது. கல்லைப் பெயர்த்துவிட்டார்கள் என்று வசந்தாமணி சொன்னாள். சாந்து பூசிய இடம் ஈரமாக இருக்கிறதாம். வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுத நோட்டைத் திறந்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். அங்கமுத்து காலையிலேயே வந்து வாசலில் நின்றுவிட்டார், பக்கத்தில் அவர் மனைவி. "வாங்க சார், சேர்ந்தே போயிரலாம்" என்றார்.

சால்வை இல்லை. யாரும் என்னை மேடைக்குக் கூப்பிடவும் இல்லை, வெளியே போ என்று சொல்லவும் இல்லை. மெட்ராஸ் நிபுணர் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, போன வானம் போனதுதான், மேலே யாரும் எதுவும் எழுத வேண்டாம், இருக்கிறபடியே மாட்டுங்கள் என்றாராம். மாட்டியிருந்தார்கள். பாதி வானத்தோடு, நூல் தெரிய, கீழே விளக்கு இல்லாமல். என்னுடையது உள் அறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது.

கூட்டம் முழுக்க இடது மூலையில்தான். குனிந்து குனிந்து பார்த்தார்கள். அங்கமுத்து எல்லோருக்கும் வழிவிட்டு ஓரமாக நின்றார். கூட்டம் கலைந்த பிறகு மனைவியை முன்னால் கூட்டி வந்தார். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். அன்றைக்குச் சிரித்தவள். படத்துக்கு முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"அத்தைதானுங்க" என்றாள், யாருக்கென்று இல்லாமல்.

பிறகு கை நீட்டி, விரல் நுனியைப் பச்சைச் சேலைமேல் வைத்தாள். தொடாதே என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது, பழக்கம். மூடிக்கொண்டேன். தொடட்டும். அது காய்ந்து ஐம்பது வருடம் ஆகிறது.